துரையின் படகுக்குத் தரை போட்டோம்

எங்கள் எஸ்டேட் துரைக்கு ஒரு பாய்மரப் படகு இருந்தது. கடற்கரை ஊரில் யாரிடமோ வாங்கி, ரயிலில் சேலம் கொண்டுவந்து, மாட்டு வண்டிகளிலும் ஆள் தோள்களிலுமாக மலையேற்றிய படகு. அதன் நடுவே பலகையால் அடைத்த ஒரு சின்ன அறை. உட்காரலாம், படுக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. ஏற்காடு ஏரியை உலை கொதிப்பதற்குள் ஒரு சுற்று நடந்து வந்துவிடலாம். அதில் போகிற படகுக்குப் படுக்கையறை எதற்கு என்று கூலிக்காரர் லைன் வீடுகளில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தவன்தான். அந்த அறையின் தரையை மாற்றப் போய்த்தான் என் அண்ணனை இழந்தேன். அதனால் இப்போது சிரிப்பு வருவதில்லை.

அண்ணனும் நானும் எஸ்டேட் ஆசாரிகள். எங்கள் அப்பன் காலத்திலேயே மலைக்குக் கீழேயிருந்து வந்துவிட்டோம். காப்பி ஸ்டோர் தரை, பங்களா கதவு, லைன் வீட்டுக் கூரைச் சட்டம் என்று எல்லாம் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்ததுதான். மரத்தையும் நாங்களே அறுத்துக்கொள்வோம். குழி வெட்டி, குறுக்கே மரத்தைக் கிடத்தி, ஒருவன் மேலே நின்றும் ஒருவன் குழிக்குள் நின்றும் நீள ரம்பத்தை இழுக்க வேண்டும். மேலே நிற்பவன்தான் கரிக்கோட்டைப் பார்த்து ரம்பத்தை நடத்துகிறவன். எந்த ஊரிலும் மூத்தவனுக்குத்தான் அந்த இடம். எங்களில் மட்டும் அண்ணன் குழிக்குள் இறங்குவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கூர்மை, அதனால்தான் என்னை மேலே நிறுத்துகிறார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பலா மரம் அறுக்கும் நாளில் மேலெல்லாம் மஞ்சள் தூளோடு, மஞ்சள் நீராட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி ஏறி வருவார். நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

படகை யாரும் மழையில் மூடி வைக்கவில்லை. அறைக்குள் தண்ணீர் தேங்கி, தரைப்பலகை இற்றுப்போயிருந்தது. பங்குனி வெயிலில் படகைக் கரைக்கு இழுத்துப்போட்டுவிட்டு, புதுத் தரை போடச் சொன்னார் துரை. பலா அறுத்துக் காயவைத்தோம். முன்பாதியை அண்ணன் எடுத்துக்கொண்டார், பின்பாதி எனக்கு.

அண்ணன் தமக்குத் தெரிந்த மாதிரி, ஸ்டோருக்குப் போடுவது போலப் போட்டார். ஸ்டோர் தரையில் ஒரு காப்பிக்கொட்டை நழுவக் கூடாது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே நகம் போகாது. ஆனால் அவர் ஆணி அடிக்கவில்லை. ஒவ்வொரு பலகையிலும் விரல் நுழைய ஒரு துளை போட்டுவிட்டார். ஸ்டோரிலும் எலி கூடு கட்டினால் எடுத்துப் பார்க்க இப்படிச் சில பலகைகளை விட்டுவைப்பார். நான் காப்பிப் பழம் கழுவும் தொட்டிகளுக்குப் பலகை போட்டவன். தண்ணீர் பட்டால் பலா என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். அதனால் என் பாதியில் இடைவெளி விட்டேன். பிறகு ஆடாமல் அசையாமல் இருக்கட்டும் என்று ஆணியை இறக்கினேன்.

வேலையைப் பார்க்கத் துரை வந்தார். கூட எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர், படகு இழுக்க வந்த ஆட்கள். அண்ணன் போட்ட பக்கத்தைக் கையால் தடவி, நன்றாக இருக்கிறது என்று துரை தலையாட்டினார். அங்கே என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"அது செரியில்லீங்க தொரை. தண்ணி பட்டா ஊதி மேல கெளம்பும். இது படகு, காப்பி ஸ்டோர் இல்லீங்களே. எனக்குத் தெரியுமுங்க."

அண்ணன் தணிந்த குரலில், "பேசாம இரு சாமி. ஊட்டுல போயிப் பேசிக்கலாம்" என்றார்.

நான் பேசாமல் இருக்கவில்லை. தொட்டியில் பலகை எப்படி வெடித்தது என்று விளக்கினேன். ரைட்டர் அதை இங்கிலீசில் சொல்ல, துரை விழுந்து விழுந்து சிரித்தார். "பெரியவன் காப்பி காயப்போட வந்திருக்கிறான்" என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் கொட்டாப்புளிச் சுத்தியலைத் துண்டால் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "மிச்சத்த நீயே முடிச்சிரு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, ராத்திரிச் சோற்றோடு அது முடிந்திருக்கும்.

கொஞ்ச நாளில் கரடியூர்ப் பக்கம் வேறொரு எஸ்டேட்டுக்கு வேலை மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். ரம்பத்தை எடுத்துப் போகவில்லை. மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி என்னைப் பார்த்து, "ஏந் தம்பி, அத ஊட்டுக்கு வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்னது சரியா தவறா என்று நீங்களே சொல்லுங்கள் என்று மல்லுக்கு நின்றேன். அண்ணி அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு போனார்.

நான் சொன்னது சரிதான். முதல் மழையில் அண்ணன் போட்ட பலகைகள் ஊதி, முதுகு வளைத்து எழுந்தன. துரை கூப்பிட்டு அனுப்பினார். துளையில் கொக்கி மாட்டி இழுத்தேன், கையோடு வந்துவிட்டன. ஓரத்தில் இழைப்புளியை இரண்டு இழுப்பு இழுத்துத் திரும்பப் போட்டேன். அவ்வளவுதான் வேலை. ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கரடியூருக்கும் அது போய்ச் சேரட்டும் என்றுதான் சொன்னேன்.

அடுத்த பங்குனியில் என் பாதி நாறியது. ஆணி அடித்த பலகையைக் கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க முடிந்தது. அடியில் இலையும் சேறும் மக்கிக் கிடந்தன. இடைவெளி வழியாக விழுந்ததெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது. எடுத்துக் கழுவ ஒரு வழியும் நான் வைத்திருக்கவில்லை. பலகையைத் தாங்கிய குறுக்குச் சட்டங்கள் கையால் அள்ளுகிற பதத்தில் இருந்தன. முன்பாதியில் அண்ணன் போட்ட பலகைகளைத் துளையில் விரல் விட்டுத் தூக்கி, அடியில் துரையின் படகோட்டி வாராவாரம் கழுவிவிட்டிருந்தான், எல்லாம் சுத்தமாக இருந்தன. அவர் பிசகு இரண்டு இழுப்பில் தீர்ந்தது. என்னுடையதற்குப் புதுமரம் அறுக்க வேண்டியிருந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கரடியூர் நடக்கிற தூரம்தான். போய், "அண்ணா, மரம் அறுக்கோணும், வாங்க" என்று சொன்னால் வந்திருப்பார். சத்தியமாக வந்திருப்பார். எனக்குக் கால் எழவில்லை. குப்பனூரிலிருந்து ஓர் ஆளைக் கூலிக்குப் பிடித்தேன். அவன் என்னைவிட வயதில் மூத்தவன். வந்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் மரத்தின் மேல் ஏறி நின்றான். நான் குழிக்குள் இறங்கினேன்.

அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. ரம்பம் கீழே வரும்போதெல்லாம் மஞ்சள் தூள் முகத்தில் கொட்டியது. தலையைத் தூக்கினால் கண்ணில், குனிந்தால் பிடரியில். கோடும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. மேலே நிற்பவன் சொல்வதுதான் வேதம். சாயங்காலம் ஏறியபோது கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. அண்ணன் எதற்காகக் குழிக்குள் இறங்கினார் என்று அப்போது தெரிந்தது. வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து முகம் கழுவினேன். வெகுநேரம் கழுவினேன், அழுதது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று.

அந்த வேலை முடிவதற்குள் சேர்வராயன் கோயில் விழா வந்தது. மலையேறும் கூட்டத்தில் அண்ணனைப் பார்த்தேன். கடைசிப் பையனைத் தோளில் வைத்திருந்தார். அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டார். எனக்குச் சேதி வந்து நான் ஓடிச் சேர்வதற்குள் அடக்கமும் ஆகிவிட்டது.

அன்று விழாக் கூட்டத்தில் அவர்தான் முதலில் நின்றார். என் சிவந்த கண்ணை உற்றுப் பார்த்தார்.

"குழியில நீயா நிக்கிறே?"

தலையாட்டினேன்.

"நெத்தியில துண்ட இறுக்கிக் கட்டிக்கோணும் சாமி. முனைய முன்னால கொஞ்சம் தொங்க விடு, தூள் கண்ணுக்கு வராது. நொம்ப எரிஞ்சா வெளக்கெண்ண ஒரு சொட்டு விட்டுக்க."

சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். சொல்ல எவ்வளவோ இருந்தது. எனக்கு அந்த ஒன்றுதான் வாயில் வந்தது.

"எனக்குத் தெரியுமுங்க" என்றேன்.

"செரி" என்று பையனைத் தோளில் சரியாக உட்காரவைத்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார்.

எனக்குத் தெரியாது. அதுவரை ஒரு நாளும் நான் துண்டு கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கியதில்லை.