ஒரு செபத்துக்கு ஒரு வெளிச்சம்

வெளிச்சவீடு எப்படிக் கப்பலுக்கு வழி சொல்லும் என்று சின்னவன் கேட்டான். அதற்கு வாய் இருக்கிறதா என்றும் கேட்டான். எனக்குப் படிப்புக் குறைவு. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அந்த வெளிச்சத்தை நம்பி ஒருமுறை உயிரோடு கரைக்கு வந்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த மாதிரி எழுதி வைக்கிறேன். பெரியவள் சின்னவனுக்கு வாசித்துக் காட்டட்டும்.

எழுபத்தேழில் நாங்கள் மலையை விட்டு வன்னிக்கு வந்தோம். அக்கராயனில் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் எனக்குக் கூலி வேலை. அறுவடை முடிந்தால் கை சும்மா இருக்கும். அந்த நேரம் பார்த்து முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு சம்மாட்டியார் கருவாட்டு மூட்டையோடு வருவார். சம்மாட்டி என்றால் சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்திருப்பவர். கருவாட்டைக் கொடுத்து நெல்லை வாங்கிக்கொண்டு போவார். ஒருமுறை களத்தில் அவருடைய நெல் மூட்டையை நான் தூக்கி ஏற்றும்போது கேட்டார்.

“தம்பி, இனி என்ன செய்யப் போறாய்? கரைக்கு வாவன். வலை இழுக்க ஒரு ஆள் வேணும்.”

“எனக்கு நீந்தத் தெரியாதுங்க.”

“எனக்கு நாத்து நடத் தெரியாது. சோறு தின்னுறனான்தானே?”

அப்படித்தான் கடலுக்குப் போனேன்.

வெளிச்சவீட்டை முதலில் நான் பார்த்தது பகலில். பகலில் அதற்கு வேலை இல்லை என்று நினைத்தேன். அது தவறு. கடலுக்குள் போய்த் திரும்பிப் பார்த்தால் கரை முழுவதும் ஒரே பச்சைக் கோடாகத்தான் தெரியும். பனை எது, வீடு எது என்று பிரிக்க முடியாது. அந்தக் கோட்டில் அது ஒன்றுதான் தனியாக எழும்பி நிற்கும். அதைப் பார்த்துத்தான் வள்ளங்கள் திரும்பும்.

இருட்டினால் விளக்கு. வெளிச்சவீடுகளில் எரிகிற விளக்கு நாம் நினைக்கிற அளவு பெரிதில்லையாம். அதைச் சுற்றி இருக்கிற தடித்த கண்ணாடிதான் வெளிச்சத்தைச் சிதற விடாமல் சேர்த்துத் தூரத்துக்கு அனுப்புகிறது. அது விட்டு விட்டுத்தான் தெரியும். ஒருமுறை அடிக்கும், பிறகு இருட்டு, பிறகு அடிக்கும். அந்த இருட்டின் நீளம் ஒவ்வொரு வெளிச்சவீட்டுக்கும் வேறு. சின்னவன் கேட்ட வாய் அதுதான். “நான் இன்ன கரை” என்று அது சொல்வது அந்த இடைவெளியால். கப்பல்காரரிடம் மணிக்கூடும் புத்தகமும் இருக்கும், பார்த்துக்கொள்வார்கள். சம்மாட்டியாரிடம் மணிக்கூடு இல்லை. அவரிடம் இருந்தது மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தைச் செபம். ஒரு வெளிச்சம் அடித்ததும் தொடங்குவார். ஆமென் சொல்லும்போது அடுத்தது அடிக்கும். அவருடைய தகப்பனும் அப்படித்தான் எண்ணினாராம்.

எனக்கு அந்தச் செபம் தெரியாது. நான் சைவம். பொழுது பட்டபின் கரையில் வலை காயப்போட்டுவிட்டுச் சும்மா இருக்கும்போது என் பாட்டுக்கு ஒரு கணக்குப் பிடித்தேன். மனதுக்குள் எங்கள் பழைய லயத்தில் நடப்பேன். லயம் என்றால் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகள். அந்த அறையைக் காம்பரா என்போம். வெளிச்சம் அடித்ததும் கடைசிக் காம்பராவில் தொடங்கி ஒவ்வொரு வாசலாகக் கடந்து வருவேன். நடுவில் கங்காணியின் நாய் படுத்திருக்கும் வாசல். அங்கே யாரும் ஓட மாட்டார்கள், ஓடினால் கடிக்கும். அதைப் பையக் கடந்து எங்கள் காம்பரா வாசலில் கால் வைக்கும்போது வெளிச்சம் சரியாக அடிக்கும். இது எனக்கு ஒரு விளையாட்டு. யாருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும் சம்மாட்டியாருக்குச் சொன்னேன். “கடலுக்கு வந்தும் லயத்திலதான் நிக்கிறாய்” என்று சிரித்தார்.

சித்திரை மாதத்தில் ஒரு பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் வலை இழுத்துக்கொண்டிருந்தோம். வலையில் ஒரு திருக்கை. அதைக் கழற்றும்போது வாலில் இருக்கிற முள் சம்மாட்டியாரின் முழங்கைக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த முள்ளில் விஷம் உண்டு. என் இடுப்புச் சாரத்தைக் கிழித்துக் கட்டினேன். அவருக்கு முகம் சாம்பலாகிவிட்டது. வள்ளத்து மிசினை நான் பிடித்தேன். அதே நேரத்தில் கரைப் பக்கம் மேகம் கறுத்தது. கச்சான் காற்றுக் கரையிலிருந்து கடலுக்குத் தள்ள, மழை வந்து கரையை மூடிவிட்டது. இருட்டுப் படுகிற மைமல் பொழுது. பச்சைக் கோடும் இல்லை, ஒன்றும் இல்லை.

மிசினில் மண்ணெண்ணெய் கரைக்குப் போக மட்டும்தான் இருந்தது. திசை பிழைத்தால் நடுவழியில் நின்றுவிடும். பிறகு காற்று எங்களை ஆழ்கடலுக்குக் கொண்டுபோகும். அவர் கையில் விஷத்தோடு இரவு முழுவதும் கிடக்க வேண்டும்.

மழை கொஞ்சம் விலகியபோது வெளிச்சம் ஒருமுறை தெரிந்தது. நான் அதை நோக்கித் திருப்பினேன்.

“பொறு” என்றார். செபம் சொன்னார். உதடு மட்டும் அசைந்தது. திரும்பவும் சொன்னார்.

“இது எங்கட வெளிச்சம் இல்லையடா தம்பி. செபம் முடிஞ்சு எவ்வளவு நேரத்துக்குப் பிறகு அடிக்குது, பாத்தியோ? நீரோட்டம் எங்களைத் தெற்கே இழுத்துப்போட்டுது. இது வேற கரை. பார் கிடக்கும், வள்ளம் உடையும். வடக்கே திருப்பு.”

பார் என்றால் தண்ணீருக்குள் கிடக்கிற கல். நான் மனதுக்குள் ஒருமுறை லயத்தில் நடந்தேன். எங்கள் வாசலுக்கு வந்தபோது வெளிச்சம் அடித்தது.

“அண்ணே, என் கணக்குக்குச் சரியா வருதுங்க.”

“உன்ர லயத்துக் கணக்கோ? மலையில எங்கயடா கடல் கிடந்தது? திருப்பு எண்டுறன்.”

நான் திருப்பவில்லை. மிசினை மெதுவாக்கி வள்ளத்தை நின்ற இடத்தில் பிடித்தேன். எனக்கும் உறுதி இல்லை, பிள்ளைகளே. பிறந்த நாள் முதல் கடலில் கிடந்தவர் அவர். நான் வந்து இரண்டு மாதமும் ஆகவில்லை. ஆனால் அவர் உதட்டைப் பார்த்தேன். வலியில் ஒரு சொல் முடியுமுன் அடுத்த சொல் வந்து விழுந்தது.

“அண்ணே, சத்தமா சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லாரும் சேந்து சொல்லுவாங்கல்ல, அந்த மாதிரி.”

“உனக்கு என்னத்துக்கு எங்கட செபம்?”

“எனக்கு வேணாங்க. வெளிச்சத்துக்கு வேணும்.”

கோபமாகப் பார்த்தார். ஆனாலும் தொடங்கினார். பாதியில் திரும்பவும் ஓடினார். “மெதுவாண்ணே” என்றேன். அடுத்த வெளிச்சம் அடித்ததும் புதிதாகத் தொடங்கினார். இந்த முறை நெற்றியை வள்ளத்தின் விளிம்பில் வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் மூச்செடுத்துச் சொன்னார். ஆமென் என்றார். வெளிச்சம் அடித்தது.

இன்னொருமுறை சொல்லிப் பார்த்தார். அடித்தது.

“விடு தம்பி” என்றார். “நேர விடு.”

கரையில் அவருடைய மனைவி நின்றா. முள் குத்திய கையைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்து, தாங்கக்கூடிய சூட்டில் கையை அதற்குள் வைத்துப் பிடித்தா. பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகும் வழியில், ஏன் இவ்வளவு சுணக்கம் என்று கேட்டா.

“என்ர செபம் எனக்கு முன்னால ஓடிட்டுது” என்றார் அவர்.

“அது இண்டைக்கு மட்டுமே? பூசையிலயும் எல்லாருக்கும் முதல் ஆமென் சொல்லிப்போட்டு வாசல்ல நிக்கிற ஆள்தானே” என்றா. அப்போதுதான் அவவின் குரல் உடைந்தது.

நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் பிழையாக எண்ணவில்லை. ஒரு சொல்லையும் விடவில்லை. செபம் அதே செபம்தான், பயம்தான் அதைக் குறுக்கிவிட்டது. நானும் பயந்துதான் இருந்தேன். கங்காணியின் நாய் இல்லாவிட்டால் நானும் லயத்தில் ஓடித்தான் போயிருப்பேன். வெளிச்சவீட்டுக்கு நாங்கள் கடலில் கிடப்பது தெரியாது. தெரிந்தாலும் அது அவசரப்பட்டிருக்கக் கூடாது. அவசரப்பட்டால் அது வேறு கரையின் வெளிச்சமாகிவிடும்.

கை வீக்கம் வற்ற நெடுநாள் ஆனது. திரும்பவும் கடலுக்குப் போன முதல் நாள், மைமலில் வெளிச்சம் தெரிந்ததும் நான் வழக்கம்போல அவர் செபம் தொடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சம்மாட்டியார் என்னைப் பார்த்தார்.

“என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய்? நீ உன்ர லயத்தில நட, நான் செபம் சொல்லுறன். ரெண்டும் ஒண்டா முடிஞ்சால் வீட்ட போவம்.”