பாவாடையின் இரண்டாவது வழி

வடக்கனந்தல் பாவாடைக்கு எதுவும் இரண்டாக இருக்க வேண்டும். சட்டைப் பையில் பைக் சாவி இரண்டு, டார்ச் இரண்டு, சாப்பாட்டுப் பையில்கூட ஊறுகாய் இரண்டு. "எல்லாத்துலயும் ரெண்டு வச்சிக்கினு இருக்கற ஆளு, பொண்டாட்டிய மட்டும் ஒண்ணோட நிறுத்திக்கினியே, அதுவே பெரிய புண்ணியம்" என்பாள் அவர் மனைவி ஆயம்மாள்.

கேபிளுக்குக் குழி தோண்டக் கூலியாக வந்தவர், நெட் ஓடும், முடிபோல மெல்லிய கண்ணாடி இழையை ஒட்டும் வேலையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். பதினெட்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. அதில் ஓர் அநியாயம் உண்டு. நெட் ஓடினால் பாவாடை என்றொருவர் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. நின்றால் மட்டும் ஊரே போன் போட்டுத் திட்டும். ஒருமுறை ரோடு அகலப்படுத்த வந்த ஜேசிபி கேபிளைக் கிழித்துவிட, மலைமேல் கரியாலூர் ரேஷன் கடையில் கைரேகை மிஷின் வேலை செய்யாமல் சனம் இரண்டு நாள் வெறும் பையோடு திரும்பியது. வாங்கிய திட்டைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து இரண்டாவது லைன் வேண்டுமென்று கம்பெனியில் மல்லுக்கட்டினார். சரி, அதையும் அதே குழியில் போடலாம் என்றார்கள். ஒரே ஜேசிபிக்கு இரண்டு கேபிளைத் தீனி போடவா என்று கேட்டார் பாவாடை. நிலக்காரர் ராஜாங்கத்தின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவருடைய கரும்புக் கொல்லை ஓரமாகக் கம்பம் நடச் சம்மதம் வாங்கினார். ரோட்டு லைன் அறுந்தால், இரண்டு லைனும் வந்து சேரும் பெட்டி தானாகவே கம்பத்து லைனுக்கு மாறிக்கொள்ளும்.

எட்டு மாதம் கழித்து ராஜாங்கம் கூப்பிட்டனுப்பினார். டிராக்டர் திரும்பக் கம்பம் இடைஞ்சலாம், எடுத்துவிட வேண்டுமாம். அதற்குள் ரோட்டு லைன் மூன்று தடவை அறுந்திருக்கிறது என்று பாவாடை சொன்னதும் அவர் சிரித்தார்.

"என் வூட்டுல ஒரு நாளுகூட நெட்டு நிக்கல. யாருக்குக் காது குத்தற?"

கம்பம் போனால் மலை மறுபடியும் ஒற்றை லைனில் தொங்கும். பெட்டி இருந்தது ராஜாங்கம் வீட்டுப் பக்கத்து அறையில்தான். பாவாடை துணிந்துவிட்டார்.

"உங்க பொண்ணுகிட்ட வீடியோல பேசுங்க. நான் ரோட்டு லைன புடுங்கறேன். பேச்சு நின்னா, கம்பத்தயும் நானே புடுங்கிடறேங்க."

சொன்ன பிறகுதான் யோசனை வந்தது. மூன்று தடவை காப்பாற்றியது, ஆள் பார்க்கும்போது காலை வாரிவிட்டால்? ராஜாங்கம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிம் நெட்டை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையிலேயே சென்னையில் இருக்கும் மகள் ராதிகாவை அழைத்தார். பாவாடை அறைக்குள் போய், குலசாமியை நினைத்துக்கொண்டு ரோட்டு லைனின் மஞ்சள் கேபிளை உருவினார். வெளியே வந்து கையைக் கட்டி நின்றார்.

ராஜாங்கம் பேசிக்கொண்டே இருந்தார். பேத்தியின் பள்ளிக்கூடம், மழை, மாடு கன்று போட்டது எல்லாம் ஆயிற்று. கடைசியில் பொறுமை போய்த் திரும்பினார்.

"இன்னாப்பா, எப்பதான் புடுங்கப் போற?"

"புடுங்கி அஞ்சு நிமிஷம் ஆவுதுங்க."

ராஜாங்கம் போனைப் பார்த்தார். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து அறைக்குள் போய், தொங்கிய கேபிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"கம்பம் நிக்கட்டும். டிராக்டரு சுத்திக்கினு போவட்டும்."

இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், பேசிக்கொண்டிருக்கும்போதே பாவாடை லைனைப் பிடுங்கியும் ஒன்றும் ஆகவில்லை என்று ராஜாங்கம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. பாவாடைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினெட்டு வருஷத்தில், நெட் நிற்காததற்காக அவர் பேரை ஊர் சொல்வது இதுதான் முதல் தடவை.