மயில்சாமி போர்த்திய துண்டு

குன்னூர் கீழ் பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த மயில்சாமிக்கு ஆப்பரா என்றால் என்னவென்று கடைசிவரை பிடிபடவில்லை. பிடிபடாமலேயே மூன்று பார்த்துவிட்டார். மகள் வர்ஷா ஊட்டி மேட்டில் இருந்த இசைப் பல்கலைக்கழகத்தில் மேல்நாட்டுப் பாட்டு படித்தாள். வருஷத்துக்கொரு முறை அங்கே மாணவர்கள் ஆப்பரா போடுவார்கள், பேச்சே இல்லாமல் எல்லாவற்றையும் பாடியே நடிக்கும் நாடகம். பெற்றவர்கள் போகாமல் இருக்க முடியுமா?

முதல் தடவை கும்பலோடு கும்பலாக நின்று பாடினாள். அவள் எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் கும்பல் உள்ளே போய்விட்டது. அடுத்த வருஷம் திரைக்குப் பின்னாலிருந்து பாடினாளாம். "பாடறதுக்குப் படிச்சுப்போட்டு எதுக்கு ஒளிஞ்சுக்கோணும்?" என்று பஸ் ஏறும்வரை புலம்பினார்.

மூன்றாவதுக்குப் போனபோது மனசில் ஒரு பாரம் இருந்தது. தேயிலை விலை விழுந்து எழுந்திருக்கவே இல்லை. இலை பறித்தவர்கள் பாதிப்பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு இறங்கிவிட்டார்கள். மயில்சாமி கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இனிமேல் படிக்கவைக்கச் சீவனில்லை. ஆட்டம் முடிந்ததும் மகளிடம், பெட்டியைக் கட்டு கண்ணு என்று சொல்லிவிட வேண்டும். "நீங்களே சொல்லிக்கோங்க, என்னால ஆகாதுங்க" என்று மனைவி ஜானகி கைகழுவிவிட்டாள்.

விளக்கு அணைந்தது. இத்தாலி பாஷையாம். பட்டுக் கவுன் போட்டவள் ஒருத்தி கோபப்பட்டாள், பாடினாள். இன்னொருத்தி மயங்கி விழுந்தாள், விழுந்தபடியே பாடினாள். அட கெரகமே! மயக்கம் போட்டவளுக்கு ஏது இத்தனை மூச்சு? அத்தனை கவுன்களிலும் தேடிவிட்டார், வர்ஷாவைக் காணோம்.

"நம்ம புள்ள எங்க?"

"பேசாமப் பாருங்க" என்று ஜானகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவள் எதற்குச் சிரிக்கிறாள் என்பதும் அவருக்கு விளங்கவில்லை.

அப்போது அரும்பு மீசையோடு ஒரு பையன் வந்தான். சிப்பாய் உடுப்பு, தோளில் ஒரு பை. சண்டைக்குப் புறப்படுகிறான் போலும். வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்துத் தனியாகப் பாடினான். ஒரு சொல் புரியவில்லை. ஆனால் மயில்சாமியின் மூக்குக்கண்ணாடி பனித்தது. பாஷை தெரியாத பாட்டுக்கு என்ன கண்ணீர் வேண்டிக்கிடக்கிறது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அவர் பிறந்த அவிநாசிப் பக்கம் கோயில் நோம்பி, திருவிழா நாடகங்களில் ஒருவன் இப்படி உருக்கிவிட்டால், ஆட்டம் முடியட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. மேடையேறித் துண்டு போர்த்திவிட்டுத்தான் மறுவேலை. பாட்டு முடிந்ததும் மயில்சாமி எழுந்தார். ஜானகி சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு ஏறிப்போய்த் தன் புதுத்துண்டைப் பையனுக்குப் போர்த்தினார். பியானோக்காரர் விரல்களை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டார்.

"ஆரு பெத்த புள்ளையோ தெரியலைங்க. ஊட்டுல ஆரு என்ன சொன்னாலுஞ் செரி, இதை மட்டும் உட்டுப்போடாதீங்க தம்பி."

பையனின் கண்ணீரில் மீசை ஒருபக்கம் கழன்றது.

"அப்பா, நாந்தானுங்க."

ஊரில் ஆம்பளைகள் பெண் வேஷம் கட்டித்தான் பார்த்திருக்கிறார். இங்கே எல்லாம் தலைகீழ் என்று யார் கண்டது? எப்படி இறங்கினார், எப்படி நாற்காலிக்கு வந்தார் என்றே தெரியவில்லை.

"தெரிஞ்சும் சொல்லலை பாரு நீ!"

"நான் பெத்த புள்ளை எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள் ஜானகி.

வெளியே பனி இறங்கியிருந்தது. வர்ஷா ஓடிவந்தாள். மேலுதட்டில் பசை ஒட்டியிருந்தது, தோளில் அதே துண்டு.

"என்னமோ முக்கியமாப் பேசோணும்னீங்களாம், அம்மா சொன்னாங்க."

மயில்சாமி மனைவியைப் பார்த்தார். அவள் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையை நினைத்தார். எப்படிச் சமாளிக்கப்போகிறோம் என்பது சுத்தமாகப் பிடிபடவில்லை.

"அதான் மேடையிலயே சொல்லிப்போட்டனே கண்ணு" என்றார்.