கித்தேரியாவும் நாலு வாய் சுவிட்சும்

இஸ்திரி மேசையில் துணியைக் காணோம். டிஷ் குடைக்கு மாட்டும் நாலு வாய் சுவிட்ச் ஒன்று மல்லாந்து கிடக்கிறது. கித்தேரியா மின்சாரத்தை நிறுத்தி, கொல்லைக் குடையிலிருந்து வரும் வயரை முதல் வாயில் திருகி, டிவியைப் போடுகிறாள். படம் வந்ததும், "ஒண்ணு உசிரோட இருக்கு" என்கிறாள். பிறகு இரண்டு, மூன்று, நாலு. அதே வயர்தான், வாய்தான் மாறுகிறது. படம் வராத வாய் செத்த வாய். அதற்கு நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு.

பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைப்பது அவள் வேலை. சுவிட்ச் பார்ப்பது பொழுதுபோக்கு. இரண்டு குடையை ஒரே டிவிக்குள் நுழைக்க ஆசைப்படுகிற எங்கள் கிஷதா ஊர்க்காரர்கள் எல்லாரும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். கூலி வாங்கமாட்டாள், ஆனால் திட்டு வாங்காமல் போகமுடியாது. "மழைக்கு வாயப் பொளந்து வச்சா தண்ணி குடிக்காம என்ன செய்யும்? கீழ பாக்க மாட்டுய்யா!" யார் வீட்டுக்கும் போய்ப் பார்க்கவும் மாட்டாள். "சீக்காளிதான் ஆஸ்பத்திரிக்கு வரணும்."

போன ஞாயிறு நாலு மணிக்கு எதிர்வீட்டு லிந்தால்வாவின் மகள் ஜசியாரா, ஃபோர்த்தலேசா நகரத்துச் சேனல் ஒன்றில் நேரலையில் பாட இருந்தாள். அவளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் நம் கித்தேரியாதான். தெருவில் அந்தச் சேனலைப் பிடிப்பது லிந்தால்வா இதற்கென்றே போன மாதம் வாங்கிய இரண்டாவது குடை மட்டும். மூன்றரைக்கு லிந்தால்வா சுவிட்சோடு ஓடிவந்தாள்.

"படமே இல்லக்கா! சுவிட்ச் போச்சு!"

நாலு வாயும் உயிரோடு இருந்தன. "சுவிட்ச் மேல பழி போடாதடி" என்றவள், என் நினைவில் முதல்முறையாக, ஆஸ்பத்திரியைவிட்டு எழுந்து தெருவைக் கடந்தாள்.

புதுக் குடைக்கு முன்னால் நீட்டியிருக்கும் மூக்கில், வயர் சேரும் இடத்தில், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் உருண்டையாக அடைத்திருந்தது. மழையில் ஊறித் துருவாக வழிந்தது.

"படம் பளிச்சுனு வரும்னு வச்சேன்" என்றாள் லிந்தால்வா.

"அது கொம்பு ஆன்டெனா காலத்து வைத்தியம்டி! இங்க வச்சு வயரையே தின்னுருச்சு பாரு!"

நாரைப் பிடுங்கினாள். அரித்துப்போன வயர் பிடிமானமில்லாமல் ஆடியது. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே "வந்துருச்சு!" என்று கூச்சல், விட்டால் படம் போச்சு. வேறு வயருக்கு நேரமில்லை. குடைக்கு எதிரே நின்றால் உடம்பு சிக்னலை மறைக்கும். எனவே குடைக்கு அடியில் சேற்றில் மண்டியிட்டு, கையை மட்டும் மேலே நீட்டி அழுத்திக்கொண்டாள்.

தெருக்காரர்கள் நாங்கள் காப்பியோடு லிந்தால்வாவின் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பாட்டு தொடங்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை, ஜன்னலுக்குப் போனேன்.

"நான் பிடிக்கிறேன், நீ வந்து பாரு கித்தேரியா."

"கைய எடுத்தா போயிரும், போ உள்ள." நான் திரும்பும்போது, "புள்ள என்ன கலர் போட்டிருக்கா?" என்றாள்.

"மஞ்சள்."

"நான் தச்சது" என்றாள். கட்டைவிரலை அசைக்காமல், தோளை மட்டும் உயர்த்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.