காலுக்குக் கீழே பறந்த விமானம்

விமானம் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு ஒருவழியாகச் சனி, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. தையற்காரியான அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலை ஊருக்குப் பேருந்து ஏறினாள். மகள் பறக்கும் நாட்களில் அம்மா வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டாள். குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டே இருப்பாள்.

மலை விளிம்பில் கம்பித் தடுப்பைப் பிடித்தபடி இருவரும் நின்றார்கள். மேகம் விலகியது. அவர்கள் காலுக்கு வெகு கீழே, சமவெளியின்மேல், சிவப்பு இறக்கையோடு ஒரு குட்டி விமானம் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, அது எங்க பயிற்சிப் பள்ளி விமானம்மா! என் ரூம்மேட் இன்னிக்குத்தான் முதல் தடவையா தனியா வெளியூர் ஓட்டிட்டுப் போறா!" மகள் துள்ளினாள். "ஏரி வந்ததும் இடது பக்கம் திரும்புவா பாரேன்!"

ஏரி வந்தது. விமானம் சாய்ந்து, இடப்பக்கம் அழகாகத் திரும்பியது.

"அட, சொன்ன மாதிரியே திரும்புதே!" அம்மா மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அந்தப் பொண்ணுக்குப் பயமா இருக்காதா?"

"பயப்பட ஏதும்மா நேரம்? கை நிறைய வேலை இருக்கும்."

"அடுத்தது யாரு?"

"நான்தான். அடுத்த வாரம்."

அம்மா சட்டென்று திரும்பி, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத தம்பதியைக் கூப்பிட்டாள். "அதோ பாருங்க, அடுத்த வாரம் அதை ஓட்டப் போறது என் பொண்ணு!"

விமானம் புள்ளியாகி மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மகளிடம் கேட்டாள்:

"என்னை எப்போடி ஏத்திட்டுப் போவே?"