கிணற்று மேட்டில் சொன்னது

அப்பா என்னை அடிப்பது புதிதல்ல. பெரியப்பா பார்க்க அடித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. இன்று எங்கள் முறை என்றால் நாளை பெரியப்பாவின் முறை. தண்ணீர் பொதுவாக இருந்ததே தவிர, அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை அவ்வளவாகக் கிடையாது.

எனக்குப் பதினைந்து வயது. சித்திரை வெயிலில் மிளகாய்ச் செடி வாடிக் கிடந்தது. மாடுகள் இரண்டு நடை கூடப் போயிருக்காது, நீர் இறைக்கும் தோல்பறி வடத்திலிருந்து நழுவிக் கிணற்றுக்குள் விழுந்தது. பறியை வடத்தில் கட்டுவது என் வேலை. அப்பா ஓடி வந்து கன்னத்தில் ஒன்று வைத்தார். நான் கட்டவில்லை என்றதற்கு இன்னொன்று. வரப்பில் நின்ற பெரியப்பா சிரித்தார்.

மத்தியானம் சோறு போடும்போது அம்மாதான் ஞாபகப்படுத்தினாள். பறியின் ஓட்டையைத் தைக்க முந்தின நாள் அவிழ்த்தவரும் அப்பா, திரும்பக் கட்டியவரும் அப்பா. நான் அன்று முழுக்க மீனாட்சிபுரத்தில் இருந்தேன். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொழுவத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். எனக்கு மட்டும் என்ன? வந்துவிடுவாரோ என்றும் இருந்தது, வராமலே இருந்துவிடுவாரோ என்றும் இருந்தது. பொழுது சாயும்போது தொழுவத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தப்பு என்ர மேலதான் சாமி" என்றார், மாட்டைப் பார்த்துக்கொண்டு.

அதோடு விட்டிருக்கலாம். என் வீம்பு விடவில்லை.

"கெணத்து மேட்டுல வெச்சு அடிச்சீங்க. அங்க வந்து சொல்லுங்க."

இன்னொரு அறைக்குத் தயாராக நின்றேன். அவர் திரும்பி வாசலுக்கு நடந்தார்.

மறுநாள் பெரியப்பாவின் முறை. அப்பாவுக்குக் கிணற்றில் ஒரு வேலையும் இல்லை. துண்டை ஒரு தோளில் போட்டார், எடுத்து மறு தோளில் போட்டார், என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். திரும்பிவிடலாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது எனக்கு.

பெரியப்பா மாட்டை நிறுத்தினார்.

"ஏனுங்கண்ணா, நேத்து இவன அடிச்சனுங்களே. அவன் மேல தப்பில்லீங்க. பறியக் கட்டுனது நாந்தானுங்க."

பெரியப்பா சிரிக்கவில்லை. "செரி, செரி" என்று மாட்டை ஓட்டினார். அப்பாவின் காது மடல் சிவந்திருந்தது. கேட்டதை வாங்கிவிட்டேன், அந்தச் சிவப்பைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் எங்கள் முறை. கிணற்றிலிருந்து எடுத்து வைத்திருந்த பறியை நான் கட்டினேன். அப்பா வந்து இழுத்துப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். முடிச்சுவரை கையை நீட்டியவர், மடக்கிக்கொண்டு மாடு பூட்டப் போனார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நானே இழுத்துப் பார்த்தேன். அவிழ்த்து, மறுபடியும் கட்டினேன்.