எதிர் பேங்குக்கு உளவு பார்க்கப் போனவள்

இல்லை, பேங்குகளுக்கு வந்த புதுச் சட்டத்தின் மேல் எங்கள் பெரிய மகளுக்குக் கோபமெல்லாம் கிடையாது. கோபப்பட்டவர் அவளுடைய மேனேஜர்தான். சட்டம் வந்த அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டேதான் பேங்கிலிருந்து வந்தாள். கைகால் கழுவிவிட்டு என்னிடமிருந்து தன் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, எங்க பேங்குக்கு எதிர்லயே இன்னொரு பேங்க் வருதாம்."

அதுவரைக்கும் அந்தத் தெருவுக்கு ஒரே பேங்க். எல்லா பேங்குகளுக்கும் மேலே நாட்டாமை மாதிரி ஒரு பெரிய பேங்க் உண்டு. ஒன்று இருக்கிற தெருவில் இன்னொன்று கடை விரிக்கக் கூடாது என்று அது தடுத்து வைத்திருந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு இரண்டும் கவிழ்ந்துவிட்டால் ஜனங்கள் போட்டு வைத்தது போய்விடுமே என்ற பயம். இப்போது புதுச் சட்டம் போட்டு அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். அதோடு, கணக்கு எண்ணை மாற்றாமலே பேங்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

போட்டியே இல்லாத இடத்தில் வேலை எப்படி நடக்கும்? பெரியவள் உட்காருவது முதல் மேசை. செக்கை வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். அது இரண்டாவது மேசைக்குப் போகும். பிறகு மூன்றாவது. அங்கே இருப்பவரை எல்லாரும் அண்ணன் என்பார்கள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பேனாவைத் திறந்து, போட்டு, மூடி, சட்டைப்பையில் சொருகிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார்.

எதிர்க்கடைத் தையல்காரர் ஒருநாள் கத்தினார். "செக்கக் குடுத்துட்டுப் போய் ஒரு சட்டையே தைச்சுட்டு வந்துட்டேன். இன்னும் மூணாவது மேசைக்கே போகலையேம்மா!"

"பட்டனும் வச்சுட்டு வாங்க, ஆயிடும்" என்றாள் பெரியவள்.

புது பேங்க் திறந்ததும் தையல்காரர்தான் முதலில் தாவினார். அப்புறம் மருந்துக்கடை. அப்புறம் வரிசையாக. தலைமை அலுவலகத்திலிருந்து மேனேஜருக்கு ஓலை வந்தது: இப்படியே கரைந்தால் கிளையை மூடுவோம், ஆட்களைப் பிரித்து அனுப்புவோம். பெரியவளுக்கு ஒதுக்கியிருந்த ஊருக்கு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும். குழந்தைக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. தூங்குகிற குழந்தையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மேனேஜரிடம் போனாள். "சார், மூணு கையெழுத்து எதுக்கு?"

"சட்டம்மா."

"அவங்களுக்கும் அதே சட்டம்தானே சார்? அங்க எப்படி வெந்நீர் கொதிக்கிறதுக்குள்ள முடியுது?"

"எனக்கு எப்படித் தெரியும்? போய்ப் பாத்துட்டு வாயேன்!" என்று எரிந்து விழுந்தார்.

அவர் கோபத்தில் சொன்னதை இவள் உத்தரவாக எடுத்துக்கொண்டாள். மதியம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். உள்ளே நுழைந்ததுமே ஒரு பெண் ஓடி வந்து நாற்காலி போட்டாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"கணக்கை மாத்தணுமாக்கா?"

"எப்படி மாத்துவீங்கன்னு பாக்கலாம்னுதான்..."

"அவ்வளவுதானே! நம்பரைச் சொல்லுங்க."

சும்மா பேச்சுக்கொடுக்கத்தான் பெரியவள் எண்ணைச் சொன்னாள். எந்த எண்? அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது தன் சம்பளக் கணக்கு எண் ஒன்றுதான். அந்தப் பெண் விரலை இங்கே வை என்றாள், வைத்தாள். இங்கே ஒரு கையெழுத்து என்றாள், பழக்கதோஷத்தில் போட்டுவிட்டாள். நாள் முழுக்கக் கையெழுத்துப் போடுகிற கை!

"எத்தனை பேர் பாப்பீங்க இதை?" என்று கேட்டாள் உளவாளி.

"நான் ஒருத்தி, அதோ அவர் ஒருத்தர். ரெண்டு பேர் பாத்தா போதும்னுதானே ரூல். முடிஞ்சுதுக்கா. இனிமே நீங்க எங்க வாடிக்கையாளர்!"

பெரியவள் தண்ணீர் டம்ளரை முழுசாகக் குடித்துக்கூட முடிக்கவில்லை.

திரும்பி வருவதற்குள் மேனேஜர் மேசைக் கணினியில் செய்தி வந்துவிட்டது, இன்னொருவரும் போய்விட்டார் என்று. யார் என்று பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"நீயுமா?"

"நான் போகல சார். அவங்க இழுத்துட்டாங்க. அவ்வளவு வேகம்."

அண்ணன்தான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் பெரியவள் சொன்னாள்: "ரூல் ரெண்டு பேர்தானாம் சார். மூணாவது நாமளா வச்சுக்கிட்டதுதான்."

மேனேஜர் மேலே போன் போட்டுக் கேட்டார். ஆமாம், இரண்டுதான். இந்தக் கிளைக்கு ஒருகாலத்தில் மேசை ஒன்று கூடுதலாக வந்துவிட்டதாம். மேசை இருக்கிறதே என்று ஒரு ஆள், ஆள் இருக்கிறாரே என்று ஒரு கையெழுத்து!

"அப்ப இத்தனை வருஷமா நான் தண்டமா?" என்றார் அண்ணன். முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று.

"உங்களுக்குத் தெருவுல எல்லாரையும் தெரியும்ணே. வாசல்ல நில்லுங்க. வர்றவங்களை உக்கார வச்சுப் பேசுங்க, என்ன வேணும்னு கேளுங்க" என்றாள் பெரியவள்.

மேசையை ஓரங்கட்டினார்கள். அண்ணன் வாசலுக்கு வந்தார். மனிதருக்குப் பேச்சில் இவ்வளவு சாமர்த்தியம் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மருந்துக்கடைக்காரரைத் தோளில் கைபோட்டே திரும்ப அழைத்து வந்துவிட்டார். எதிர் பேங்க் சும்மா இருக்குமா? சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தார்கள். இவர்கள் காலையில் சீக்கிரம் திறந்தார்கள். தையல்காரர்தான் பாவம், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றார்.

போன வாரம் தலைமை அலுவலகத்து ஆள் வந்து பார்த்துவிட்டு, கிளையை மூடப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மாற்றலும் இல்லை. வீட்டில் அன்றைக்குக் குழந்தையை யாருமே கீழே விடவில்லை.

இப்போது மேனேஜருக்கு ஒரே ஒரு குறைதான். கடைசியாகப் போன வாடிக்கையாளர் இன்னும் திரும்பவில்லை. "ஊரே சிரிக்குதும்மா, உன் கணக்கை எப்பத் திருப்பிக் கொண்டுவரப் போற?" என்று தினமும் கேட்கிறாராம்.

இன்று காலை, மூக்கைப் பிடித்து இழுக்கிற குழந்தையிடமிருந்து மூக்கை விடுவித்துக்கொண்டே பெரியவள் சொன்னாள்: "வரேன்னுதான்ப்பா சொல்லியிருக்கேன். ஆனா அங்க உக்காரவச்சுத் தண்ணி குடுத்தாங்க, நீங்க என்ன குடுப்பீங்கன்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு. யோசிக்கட்டும்!"